க்ளிக் செய்யாத விருந்தாளி

இணையதளத்தின் முகப்புப் பக்கத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். நாம் இன்றைக்குப் பின்கட்டுக்குப் போகிறோம். அங்கே சர்வர் லாக் என்று ஒரு கோப்பு ராப்பகலாக வளர்ந்துகொண்டே இருக்கும். யார் வந்தார்கள், எந்த நொடியில் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், என்ன கொடுத்து அனுப்பினோம் என்று வருகைக்கு ஒரு வரி. ஒரு நடுத்தரச் செய்தித் தளத்தில்கூட அந்த வரிகள் திரையில் ஏறுகிற வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. ஆண்ட்ராய்டு போன், ஐபோன், யாருடையதோ பழைய விண்டோஸ் கணினி, மறுபடி ஆண்ட்ராய்டு, ஆண்ட்ராய்டு, ஆண்ட்ராய்டு... நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! அதோ, 66.249 என்று தொடங்கும் முகவரி! வந்துவிட்டார்! கூகுள்பாட் வந்துவிட்டார்!

கூகுள் தேடுபொறிக்காக ஊர் ஊராகப் போய்ப் பக்கங்களைப் படித்து வரும் நிரல்தான் இவர். இவர் படித்துக்கொண்டு போனால்தான் நாளைக்கு யாராவது தேடும்போது நம் தளம் மேலே வரும். இவ்வளவு செல்வாக்கு இருந்தால் போலிகள் இல்லாமலா? தளத்தின் சரக்கை அள்ளிக்கொண்டு போக நினைக்கிற நிரல்களும் “நான்தான் கூகுள்பாட்” என்று பெயர் சொல்லிக்கொண்டு வரும். அசலைக் கண்டுபிடிக்கிற சடங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வந்தவரின் ஐபி முகவரியைத் தலைகீழாகத் தேடினால் கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காம் என்று முடிகிற ஒரு பெயர் வர வேண்டும். அந்தப் பெயரை மறுபடி நேராகத் தேடினால் அதே ஐபி முகவரி திரும்பி வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் ஆள் அசல்.

அசல் ஆள் கேட்பது என்ன தெரியுமா? ஒரே ஒரு சாய்கோடு. சர்வர் மொழியில் அதற்கு “உங்கள் முகப்புப் பக்கத்தைக் கொடுங்கள்” என்று பொருள்.

இங்கேதான் பின்கட்டில் ஓட்டம் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் இன்றைய முகப்புப் பக்கம் என்று ஒரு பக்கம் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை! காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு ஒரு தலைப்புச் செய்தி, ஆறே காலுக்கு வந்தவருக்கு வேறு. கோவையில் இருப்பவருக்குக் கோவை வானிலை. நேற்று சைக்கிள் தேடியவருக்குச் சைக்கிள் விளம்பரம். உள்நுழைந்தவருக்கு அவர் பெயர். இதெல்லாம் ஆள் வந்த பிறகு, அந்த நொடியில், தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோக்கப்படுகிறது. மனிதர்களுக்கு இது சௌகரியம். ஆனால் வந்திருக்கும் விருந்தாளியின் குணம் கொஞ்சம் விசித்திரமானது.

முதலில், இவர் எதையும் தொடமாட்டார். “மேலும் செய்திகள்” என்று எவ்வளவு அழகான பட்டன் வைத்தாலும் சரி, க்ளிக் கிடையாது. லிங்க் என்றால் ஆங்கரும் ஹெச்-ரெஃப்பும் போட்டு எழுதிய, முகவரி உள்ள, அசல் லிங்க்தான் இவருக்கு லிங்க். பட்டனை அழுத்தினால் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எங்கேயோ அழைத்துப் போகும் என்கிற ஏற்பாட்டுக்கெல்லாம் இவர் வரமாட்டார்.

ஸ்க்ரோல் செய்யமாட்டார். இதற்கு அவர் வைத்திருக்கும் மாற்று ஏற்பாட்டைக் கேட்டால் கைதட்டத் தோன்றும். கீழே தள்ளிப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் திரையையே பல ஆயிரம் பிக்சல் உயரத்துக்கு இழுத்துவிடுகிறார்! போன் அகலம், கோபுர உயரம். அந்தக் கோபுரத் திரைக்குள் வந்துவிழுகிற படங்களும் செய்திகளும் அவர் கண்ணில் படும். படம் திரைக்குள் வந்ததா என்று பார்த்து ஏற்றுகிற தளம் பிழைத்தது. ஸ்க்ரோல் அசைவு நிகழ்ந்ததா என்று காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிற தளம் காத்துக்கொண்டே இருக்கும்.

நினைவு கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் புது ஆளாகத் திறப்பார். குக்கீ, லோக்கல் ஸ்டோரேஜ் எல்லாம் துடைத்தாயிற்று. “சென்ற முறை எந்த மாவட்டம் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தச் செய்திகள் இதோ” என்கிற உபசாரம் இவரிடம் பலிக்காது. இருப்பிடம் பார்க்கலாமா, அறிவிப்பு அனுப்பலாமா என்று எந்த அனுமதி கேட்டாலும் பதில் “முடியாது”. அனுமதி கிடைத்தால்தான் செய்தியைக் காட்டுவேன் என்று அடம்பிடிக்கும் முகப்புப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு கிளம்புவார். வெப்சாக்கெட் வழியாகப் பாய்கிற நேரலை ஸ்கோர் இவருக்கு எட்டாது, ஏனென்றால் எச்டிடிபி தவிர வேறு பாதையில் இவர் நடப்பதில்லை. பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்துதான் வருவார். ஆகவே ஐபியைப் பார்த்து நாட்டுக்கு நாடு தானாகத் திருப்பிவிடும் தளத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் அமெரிக்கக் கூடத்துக்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். சென்னைப் பதிப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று. முகப்பில் செய்திகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற தளங்கள் உண்டு அல்லவா? ஆளுக்கு ஆள் வரிசை மாறும். டாம் அந்தோணி என்ற தேடல் துறைக்காரர் 2018-ல் இவரை வைத்துச் சோதனை செய்து பார்த்தார். ஜாவாஸ்கிரிப்டின் ரேண்டம் எண், கூகுள்பாட்டின் பிரவுசரில் ஒவ்வொரு முறையும் அதே எண்ணாக வந்தது! குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாலும் அதே சீட்டு. ஒரே பக்கத்தை இரண்டு முறை பார்த்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது தேடுபொறியின் தேவை; அதற்காகத் தற்செயலையே கட்டிப்போட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, இப்போது ஒரு எட்டிப்பார்வை. ஏதாவது ஒரு நவீன தளத்தின் முகப்பைக் கணினியில் திறந்து, வலது க்ளிக் செய்து, வியூ சோர்ஸ் பாருங்கள். திரையில் படமும் தலைப்புமாகப் பொங்கி வழிகிற அதே பக்கம், மூலத்தில் சில சமயம் பத்து வரிகூட இருக்காது. ரூட் என்று பெயரிட்ட ஒரு வெற்று டிவ், கீழே இரண்டு மூன்று ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் முகவரி. அவ்வளவுதான்! இலை போட்டாகிவிட்டது, தண்ணீர் தெளித்தாகிவிட்டது, பரிமாறுகிற ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வாளியோடு வந்து சேரவில்லை. நம் பிரவுசர் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். பல வருடங்கள் வரைக்கும் தேடுபொறிகள் இலையைப் பார்த்துவிட்டு “இங்கே சாப்பாடு இல்லை” என்று எழுதிக்கொண்டு எழுந்து போயின.

இப்போது கூகுள்பாட் உட்காருகிறார். அவர் படிப்பது இரண்டு தவணை. முதலில் எச்டிஎம்எல் என்ற அந்த மூலத்தை வந்தபடியே படித்து, அதில் கிடைக்கிற லிங்க்குகளை எடுத்துக்கொள்கிறார். பிறகு பக்கம் ஒரு வரிசையில் நிற்கிறது. முறை வந்ததும், திரை இல்லாத ஒரு க்ரோம் பிரவுசர் அதைத் திறந்து, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, முடிவில் என்ன தெரிகிறதோ அதை மறுபடி படிக்கிறது. வரிசையில் நிற்கும் நேரம் வாரக்கணக்கு என்று துறையில் ஒரு பீதி இருந்தது. 2019 நவம்பரில் கூகுள் தரப்பே மேடையில் சொன்ன கணக்கு: சரிபாதிப் பக்கங்களுக்கு ஐந்து நொடிக்குள் முறை வந்துவிடுகிறது. பீதி கிளப்பியவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

ஆனால் அந்த நாளுக்கு வந்து சேர்ந்த பாதை இருக்கிறதே, அது ஒரு மெகா தொடர்.

தொடக்கத்தில் பயமெல்லாம் கேள்விக்குறியைப் பார்த்துத்தான். முகவரியில் கேள்விக்குறி இருந்தால் பக்கம் தரவுத்தளத்திலிருந்து பிறக்கிறது என்று அர்த்தம். உள்ளே போனால் வெளியே வர முடியுமா என்று தேடுபொறிகள் தயங்கின. தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. பல தளங்கள் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்பின. நினைவில்லாத விருந்தாளிக்கு ஒவ்வொரு முறையும் புது எண். முகப்பில் இருக்கும் ஐம்பது லிங்க்கும் ஐம்பது புது முகவரியாகத் தெரியும். அடுத்த முறை இன்னொரு ஐம்பது! “அடுத்த மாதம்” என்று லிங்க் வைத்த நாட்காட்டி ஒன்று முகப்பில் இருந்துவிட்டால் போச்சு. கிபி 2950 ஆவணி மாதம் வரைக்கும் நடந்துகொண்டே இருப்பார் மனுஷன்.

கூகுள் தன் வழிகாட்டு நெறிகளிலேயே, முகவரியில் ‘ஐடி’ என்ற அளவுருவை வைக்காதீர்கள், அப்படிப்பட்ட பக்கங்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்று ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தது. அதே நெறிகளில் இன்னொரு அறிவுரை: உங்கள் தளத்தை லின்க்ஸில் திறந்து பாருங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் பிறந்த, படமே காட்டாத, எழுத்து மட்டும் காட்டுகிற பிரவுசர் அது. அதில் தெரிவதுதான் எங்கள் ஆளுக்கும் தெரியும் என்றார்கள். அப்பாச்சி சர்வரின் ரீரைட் விதிகளை எழுதிக் கேள்விக்குறி முகவரிகளைச் சாய்கோட்டு முகவரிகளாக மாற்றுவதே தனி வித்தையாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு பக்கம் மாறாமலே உள்ளடக்கம் மாறுகிற அஜாக்ஸ் காலம் வந்தது. 2009 அக்டோபரில் கூகுள் ஒரு திட்டம் சொன்னது. கேட்டால் நம்பமாட்டீர்கள், அதன் அச்சாணியே ஒரு ஆச்சரியக்குறி! முகவரியில் # குறியை அடுத்து ! போடுங்கள். எங்கள் ஆள் அதைக் கண்டால், #! இருக்கும் இடத்தில் ‘எஸ்கேப்ட் ஃப்ராக்மென்ட்’ என்ற நீண்ட பெயரை வைத்துச் சர்வரிடம் வேறு முகவரியாகக் கேட்பார். அவருக்கென்று ஒரு உறைந்த எச்டிஎம்எல் பிரதியைச் சமைத்துக் கொடுங்கள். முகப்புப் பக்கத்துக்கு மட்டும் தனிச் சிக்கல்: அதன் முகவரியில் # எதுவுமே இல்லையே? அதற்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் ஃப்ராக்மென்ட் என்ற மெட்டா குறி ஒன்றைப் போட்டு, அதன் மதிப்பாக ஒரே ஒரு ஆச்சரியக்குறியை வைக்க வேண்டும். பெரிய பெரிய நிறுவனங்களின் முகப்புகள் கூகுளின் கண்ணில் படுவதற்கு ஒற்றை ! தாங்கிப்பிடித்த காலம் அது. இப்படி எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

இந்த ஏற்பாட்டின் உள்குத்து என்னவென்றால், # குறிக்குப் பிறகு வருவது எதுவும் சர்வருக்குப் போகவே போகாது. அது பிரவுசரோடு நின்றுவிடும். ஆகவே #! வைத்த எந்த முகவரியைக் கேட்டாலும் சர்வரின் காதில் விழுவது அந்தச் சாய்கோடு ஒன்றுதான். தளத்தின் அத்தனை பக்கங்களும் மாறுவேடம் போட்ட முகப்புப் பக்கங்களே! முகப்புப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் விழுந்தால் மொத்தத் தளமும் விழும்.

விழுந்தது. கிஸ்மோடோ, லைஃப்ஹேக்கர், ஜெசபெல் என்று அமெரிக்காவில் பெரும் வாசகக் கூட்டத்தை வைத்திருந்த காக்கர் மீடியா, 2011 பிப்ரவரியில் தன் தளங்களை எல்லாம் இந்த #! பாணிக்கு ஒரே வீச்சில் மாற்றியது. பிப்ரவரி 7 அன்று ஜாவாஸ்கிரிப்டில் கோளாறு. தளங்கள் அத்தனையும் வெற்று. செய்தி இல்லை, படம் இல்லை. முதலாளி வயிற்றைப் பிசையும்படியாக விளம்பரமும் இல்லை. மைக் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் டெவலப்பர் மறுநாளே இதை வைத்து எழுதிய கடுமையான கட்டுரை ஒன்று, வலைத்தளம் கட்டுகிறவர்கள் நடுவில் தீயாகப் பரவியது. ஒரு எழுத்துப் பிசகினால் பத்திரிகையே கடையை மூட வேண்டியிருக்கிறது என்றால் அது என்ன கட்டுமானம் என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி.

ட்விட்டர் இதை இன்னும் நாடகமாகச் செய்தது. 2010 செப்டம்பரில் “புதிய ட்விட்டர்” என்று தடபுடலாக எல்லாவற்றையும் பிரவுசரிலேயே சமைக்கும் முறைக்குப் போனார்கள். 2012 மே மாதம் திரும்பி வந்தார்கள்! பக்கத்தை மறுபடி சர்வரிலேயே முழுதாகத் தயாரித்து அனுப்ப ஆரம்பித்ததும், முதல் ட்வீட் கண்ணில் படுகிற நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே அறிவித்தார்கள். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க #! வைத்த ட்விட்டர் லிங்க்குகள் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சர்வரால் திருப்பிவிட முடியாது, ஏனென்றால் சர்வருக்கு அவை கேட்காது. ஆகவே முகப்புப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட், வருகிறவர் முகவரியில் #! இருக்கிறதா என்று பார்த்துச் சரியான இடத்துக்கு அனுப்பும் காவலாளியாக நிற்க வேண்டியதாயிற்று.

கூகுள் அந்தத் திட்டத்தை 2015 அக்டோபரில் கைவிட்டது. ஜாவாஸ்கிரிப்டை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார்கள். ஓட்டினார்கள், உண்மைதான். எதை வைத்து? க்ரோம் 41. 2015 மார்ச்சில் வந்த பதிப்பு. 2019 மே வரைக்கும் அதையே! உலகத்தில் யாரும் அந்த வயதான க்ரோமை வைத்திருக்கவில்லை, கூகுளின் சொந்த விருந்தாளியைத் தவிர. டெவலப்பர்கள் ஆசை ஆசையாக எழுதிய => அம்புக்குறி க்ரோமுக்கு வந்தது 45-ஆம் பதிப்பில். தரவை வாங்கி வர எல்லோரும் கூப்பிடும் ஃபெட்ச் வந்தது 42-ல். ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம்! மாற்று நிரல் சேர்க்காமல் விட்ட முகப்புகள் அலுவலகத்தில் எல்லோர் கணினியிலும் பளபளவென்று தெரிந்தன. விருந்தாளிக்கு மட்டும் வெறும் வெள்ளை. எங்கே பிழை என்று புரியாமல் கூடிக் கூடிப் பேசிய அணிகள் எத்தனையோ.

2019 மே மாதம் கூகுள்பாட் புது க்ரோமுக்கு மாறினார். அதன்பிறகு க்ரோம் புதுப்பிக்கப்பட்டால் இவரும் புதுப்பிக்கப்படுகிறார். பிங் தேடுபொறியின் ஆளும் அதே ஆண்டு எட்ஜ் பிரவுசரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். அப்படியானால் பிரச்சினை முடிந்துவிட்டதா? பின்கட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இன்று நன்றாக நடக்கும் தளங்களின் உத்தி மிக எளியது, பார்க்கப் போனால் 1998-ஆம் வருடத்து உத்தி. தலைப்புகள், சுருக்கங்கள், லிங்க்குகள் இவை முதல் எச்டிஎம்எல்லிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். சர்வர் அதைச் சமைத்து அனுப்பும். அது திரையில் வந்து உட்கார்ந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து அதே பக்கத்துக்கு உயிர் கொடுக்கும்: மெனு திறக்கும், ஸ்கோர் ஓடும், உங்கள் பெயர் மூலையில் வரும். ஹைட்ரேஷன் என்கிறார்கள். நெக்ஸ்ட் போன்ற கருவிகள் 2016-லிருந்து இதைப் பெரிய கண்டுபிடிப்பின் தோரணையில் விற்றன. சர்வரிலேயே பக்கம் சமைக்கும் பிஎச்பி எழுதிப் பிழைத்தவர்கள் ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

எது எல்லோருக்கும் பொது, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. அநாமதேயமாக வருகிற ஒருவருக்கு, குக்கீ இல்லாமல், இருப்பிடம் தெரியாமல், என்ன காட்டுவோம்? அந்தப் பக்கம்தான் விருந்தாளிக்கு. அதை நல்ல பக்கமாக வைத்திருப்பது தேடுபொறிக்காக மட்டும் இல்லை, முதல்முறை வரும் வாசகரும் அதைத்தான் பார்க்கிறார். விருந்தாளிக்கென்று தனியாகச் சாதாரண வாசகருக்குக் காட்டாத சரக்கைத் திணித்தால் அதற்குப் பெயர் க்ளோக்கிங், தண்டனை உண்டு. ஆனால் அதே சரக்கின், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி முடித்த பிரதியைத் தேடுபொறி விருந்தாளிகளுக்கு மட்டும் கொடுக்கும் டைனமிக் ரெண்டரிங் என்ற முறையை கூகுளே 2018-ல் சொல்லிக்கொடுத்தது. இப்போது அது வெறும் ஒட்டுப்போடும் வேலை, நீண்டகாலத் தீர்வு இல்லை என்று அதே கூகுள் எழுதுகிறது. சொன்னதை நம்பிக் கட்டியவர்கள் பாவம்.

முடிவில்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போகும் முகப்புகளுக்கு 2014-லேயே ஒரு நல்ல வழி சொல்லப்பட்டிருக்கிறது. வாசகர் இறங்க இறங்கச் செய்தி வரட்டும். ஆனால் அடியில் பக்கம் 2, பக்கம் 3 என்று அசல் முகவரியோடு லிங்க்குகளும் இருக்கட்டும். இதை இன்றும் செய்யாத தளங்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நேற்றைய செய்திக்கு வழியே இல்லாமல் போகிறதே!

பின்கட்டில் இன்னும் சில பொறிகள் கிடக்கின்றன. ஒற்றைப் பக்கச் செயலியாகக் கட்டப்பட்ட தளங்களில் சர்வர் ரொம்ப தாராளம். இல்லாத முகவரி எதைக் கேட்டாலும் முகப்புப் பக்கத்தையே எடுத்து நீட்டி, எல்லாம் சரி என்று 200 என்ற எண்ணையும் சொல்லிவிடும். 404 சொல்ல வேண்டிய இடம் அது. விருந்தாளிக்கோ ஒரே முகப்பு ஆயிரம் முகவரியில். தேடலில் சேர்க்காதே என்று சோதனைத் தளத்தில் போட்டிருந்த நோ-இண்டெக்ஸ் குறி அசல் தளத்துக்கும் வந்துவிடுவது இன்னொன்று. அதை ஜாவாஸ்கிரிப்ட் பிறகு அகற்றிவிடும் என்று நினைத்தால், குறியைப் பார்த்த உடனேயே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாமல் அவர் கிளம்பிவிடலாம். விருந்தாளி எங்கே நுழையக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட் அடைவையே பூட்டி வைத்திருக்கும் பழைய வழக்கமும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. பூட்டாதீர்கள் என்று கூகுள் 2014-லேயே நெறிகளில் சேர்த்தாயிற்று. பிறகு, கோப்பின் பெயர். விருந்தாளி பழைய ஜாவாஸ்கிரிப்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவார், நாம் கொடுக்கும் காலாவதித் தேதியைச் சட்டை செய்யமாட்டார். அதனால் உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் கோப்பின் பெயரில் ஒரு புதிய கைரேகை எண் சேர்க்கிறார்கள். பெயர் மாறினால்தான் புதிதாக வாங்கிக்கொள்வார்.

தமிழ்த் தளங்களுக்கு இந்தக் கண்ணாமூச்சி பழகியதுதான். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. பக்கத்தோடு அந்த எழுத்துருவும் இறங்கி வந்து தமிழாகக் காட்டும். மூலத்தில் இருந்ததோ ரோமன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும். வாசகர் கண்ணுக்குத் தலையங்கம், தேடுபொறிக்கு உளறல்! டிஸ்கி, 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் என்று குறியாக்கங்கள் வந்தன. தேடுபொறிக்கு எல்லாத் தளமும் ஒரே மொழியில் பேசத் தொடங்கியது யூனிகோடுக்குப் பிறகுதான். அந்தக் காலத்துப் பக்கங்கள் பலவற்றைத் தமிழில் தேடினால் இன்றும் அகப்படாது. இப்போது அதன் வாரிசு, தலைப்பைப் படமாக வடிவமைத்து முகப்பில் ஒட்டுவது. அழகான எழுத்துரு, அட்டகாசமான வண்ணம், படத்துக்கு மாற்று உரை மட்டும் இல்லை.

முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், தேடுபொறிகள் படிக்கும். ஆனால் லாக்கில் அதைப் பார்க்க வேண்டுமே! ‘தமிழ்’ என்ற சொல்லுக்குக் கணினிக் கணக்கில் ஐந்து குறியீடுகள், குறியீட்டுக்கு மூன்று பைட், பைட்டுக்கு விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. ஆக அந்த ஒரு சொல் லாக்கில் 45 எழுத்து நீளத்துக்குப் படுத்திருக்கும். ஒரு முழுத் தலைப்பை முகவரியாக்கினால் அந்த வரி திரையைத் தாண்டிப் போய்விடும்.

இத்தனையையும் சரிபார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது, அது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கூகுள் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்யச் சொன்னால், விருந்தாளி கண்ட பக்கத்தைப் படமெடுத்தே காட்டும்! தளத்தின் சொந்தக்காரர்கள் அந்தப் படத்தை முதல்முறை பார்க்கும்போது முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். குக்கீ சம்மதப் பெட்டி முழுத் திரையையும் மூடியிருக்கும். அல்லது சுழன்றுகொண்டே இருக்கிற ஒரு வட்டம். படத்தோடு சேர்த்து, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த எச்டிஎம்எல்லையும் கொடுப்பார்கள். நம் முதல் தலைப்புச் செய்தியின் ஒரு சொல்லை அதில் தேடிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். 2024 ஜூலையிலிருந்து தேடலுக்காக எல்லாத் தளங்களையும் போன் வேடத்தில்தான் படிக்கிறார் என்பதால், கணினித் திரைக்கு மட்டும் காட்டுகிற பகுதிகள் இந்தப் படத்தில் இருக்காது.

இதற்கிடையில் புது விருந்தாளிகள் வரிசை கட்டிவிட்டார்கள்: ஜிபிடிபாட், க்ளாட்பாட் என்று செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ஆட்கள். 2024 டிசம்பரில், பலருடைய தளங்களைத் தாங்கும் வெர்செல் நிறுவனம் தன் வழியாகப் போகும் வருகைகளை ஆராய்ந்து ஒரு வேடிக்கையைச் சொன்னது. இவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஆனால் ஓட்டிப் பார்ப்பதில்லை! கூகுள்பாட் பதினைந்து வருடம் படித்துத் தேறிய பாடத்தில் இவர்கள் இன்னும் முதல் வகுப்பு. ஜாவாஸ்கிரிப்டை நம்பி நிற்கிற முகப்பு இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கக் கன்சோல்கூட வேண்டாம். பிரவுசர் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு உங்களுக்குப் பிடித்த நாலு தளங்களின் முகப்பைத் திறவுங்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தின் பழைய தொடக்கக் கருவியோடு இலவசமாக வந்த ஒரு வாக்கியம், “இந்தச் செயலியை இயக்க ஜாவாஸ்கிரிப்டை அனுமதிக்க வேண்டும்” என்பது, எவ்வளவு தளங்களில் யாரும் கைவைக்காமல் அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள். கூகுள் முடிவுகளில்கூட அது தளத்தின் அறிமுக வரியாக வந்து நின்றிருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய முகப்பு, அறிமுகம் எழுதியது மட்டும் அந்தக் கருவி!